அதிகம் ஓடாத பழைய மோட்டார் சைக்கிளுக்கு நியாய விலை எது?

திருவாண்டார்கோயிலிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மோட்டார் சைக்கிள் இன்று உல்லாசப் பொருள் அன்று. விடியற்காலையில் கீரைக் கட்டையும் கத்தரிக்காய் மூட்டையையும் புதுச்சேரிக்குக் கொண்டு செல்வது அதுவே. நூற்கட்டைத் தறிவீட்டிற்குக் கொணர்வதும், நெய்து முடித்த துணியைச் சங்கத்தில் ஒப்படைக்க எடுத்துச் செல்வதும் அதுவே. முன்னாளில் குடியானவன் வீட்டில் மாடும் வண்டியும் வகித்த இடத்தில் ஒரு பகுதியை இவ்வாகனம் பெற்றுவிட்டது. ஆகவே அதனை வாங்குவதும் விற்பதும் குடும்ப வரவு செலவில் பெரிய காரியமேயாகும்.

புதிய வண்டி வாங்க இயலாத அங்கத்தினர்கள் பழைய வண்டியை நாடுகின்றனர். அவ்வாறு நாடும்போது ஒரு வகை வண்டி அவர்களைப் பெரிதும் கவர்கிறது. "பதிவாகி 16 ஆண்டாயிற்று, ஆனால் மீட்டரைப் பாருங்கள், 12,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை" என்று சொல்லிக் காட்டப்படும் வண்டியே அது. குடும்பத் தலைவர் ஆசையாய் வாங்கி, அவர் காலமான பின்னர் தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்தி நிறுத்தப்பட்டதாக இருக்கலாம். மகன் அயல்நாடு சென்றுவிட்டமையால் நின்றுபோனதாகவும் இருக்கலாம். விற்பவர், 'ஓடாத வண்டி' என்று சொல்லிப் புதிய வண்டியின் விலையில் பாதியைக் கேட்கிறார். இடையில் வரும் தரகரோ, '15 ஆண்டு தாண்டியது' என்று சொல்லிப் பழைய இரும்பின் விலைக்குக் கேட்கிறார். இவ்விரண்டு தொகைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சிறிதன்று. வாங்குபவரும் விற்பவரும் நம் அங்கத்தினராகவே இருத்தல் கூடும். ஆதலின் எவர் பக்கமும் சாராது கணக்கிடும் முறையொன்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

மதகடிப்பட்டுச் சந்தையில் மாடு பிடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? உடையவன் சொல்லும் வயதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் நம்புவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள். நடக்கவிட்டுக் குளம்பைப் பார்க்கிறார்கள். தோளில் நுகத்தடித் தழும்பு உண்டா என்று தடவுகிறார்கள். அதன் பின்னரே துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசத் தொடங்குகிறார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கும்போது அதே மனிதர்கள் மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து மயங்குவது நமக்கு வியப்பளிக்கிறது. மாட்டின் பல்லை உடையவன் எளிதில் மாற்ற இயலாது. மீட்டரின் எண்ணை மாற்ற இயலும்.

முதலில் அவ்வெண்ணின் பொருள் யாது என்று காண்போம். திருவாண்டார்கோயிலிலிருந்து புதுச்சேரிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நாள்தோறும் போய்வருபவர் ஆண்டில் 300 நாள் சென்றால் 12,000 கிலோமீட்டர் ஆகிறது. 16 ஆண்டில் 12,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால், வேலைக்குப் போகும் ஒருவரின் ஓராண்டு ஓட்டத்தைத்தான் அது தன் வாழ்நாள் முழுவதிலும் ஓடியிருக்கிறது. எஞ்சிய 15 ஆண்டுக் காலம் நின்றிருக்கிறது. நாம் விலை கொடுக்கப்போவது ஓராண்டு ஓட்டத்திற்கு மட்டுமன்று, 15 ஆண்டு நிற்றலுக்கும் சேர்த்தே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

நிற்பதனால் தேய்மானம் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். நெசவாளர் இதனை ஒப்புக்கொள்ளமாட்டார். கஞ்சி போட்ட பாவைத் தறியேற்றாமல் மழைக்காலம் முழுவதும் மூலையில் போட்டு வைத்தால் என்னவாகும் என்பதை அவர் அறிவார். ஒரு கெஜங்கூட நெய்யாத பாவுதான். எனினும் பூஞ்சை பிடித்து இழை இற்றுப்போகும். வயலில் ஆயில் எஞ்சின் வைத்திருக்கும் விவசாயியும் ஒப்புக்கொள்ளமாட்டார். இரண்டு பருவம் சுற்றாமல் கிடந்த எஞ்சினைச் சுழற்ற அவர் பட்ட பாடு அவருக்குத் தெரியும்.

மோட்டார் சைக்கிள் நிற்கும்போது முதலில் கெடுவது பெட்ரோல் செல்லும் வழி. டேங்கில் எஞ்சிய பெட்ரோல் நாளடைவில் ஆவியாகி, கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளில் பிசின் போன்ற கசடாகப் படிகிறது. டேங்கின் காலியான பகுதியில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து துரு உண்டாக்குகிறது. இக்காலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. பெட்ரோலுடன் 20 சதவீதம் எத்தனால் கலந்து விற்பது 2023 ஆம் ஆண்டில் தொடங்கி, 2025 ஆம் ஆண்டிற்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. அக்கலவைக்கென அமைக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் அதில் விரைவில் நலிவுறலாம். டேங்கின் மூடியைத் திறந்து கைவிளக்கால் உள்ளே பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். உட்புறம் வெள்ளித் தகடு போல் இருந்தால் நன்று. செந்நிறப் பொடி தெரிந்தால் அதனைச் சுத்தம் செய்வதற்கோ மாற்றுவதற்கோ ஆகும் செலவைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது ரப்பர். டயர், டியூப், ஃபோர்க்கின் ஆயில் சீல், எஞ்சினின் ஆயில் சீல், பிரேக் கேபிள் உறைகள் யாவும் ஓடினாலும் ஓடாவிடினும் வயதாகிக்கொண்டே போகும். டயரின் பூக்கள் புதிது போலத் தெரியும். பக்கச்சுவரில் மட்டும் மயிரிழை போன்ற வெடிப்புகள் காணப்படும். அந்த டயரில் இரண்டு மூட்டை ஏற்றிச் செல்வது உயிருக்கு அபாயம். டயரின் வயதை அறிய வழியுண்டு. அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2309 என்றிருந்தால் அது 2009 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். விற்பவர் 'டயர் நன்றாக இருக்கிறது' என்று சொன்னால், மறுத்துப் பேசவேண்டியதில்லை. அவ்வெண்ணை அவருக்கும் காட்டினால் போதும்.

எஞ்சினுக்குள் நடப்பதைக் கண்ணாற் காண இயலாது. எண்ணெய்ப் படலம் வடிந்துபோன சிலிண்டர்ச் சுவரில் துரு கட்டி, பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்வது உண்டு. எனவே நெடுநாள் நின்ற வண்டியை உடனே உதைத்துக் கிளப்பிக் காட்டும்படி கேட்பது தவறு. விற்பவரே முன்வந்தாலும் தடுக்கவேண்டும். முதலில் பிளக்கைக் கழற்றிச் சில துளி எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்கவேண்டும். தடையின்றிச் சுழன்றால் ஓரளவு நம்பலாம். இந்த ஓர் இரவுப் பொறுமையை மேற்கொள்ளாத அவசரத்தால் நல்ல எஞ்சினின் சுவரில் கீறல் விழக்கூடும். அதன் நட்டம் விற்பவருக்கோ வாங்குபவருக்கோ என்று பின்னர் வழக்காடுவதில் பயனில்லை.

நம் பகுதிக்கென்று தனியாகக் கவனிக்கவேண்டியது வெள்ளம். 2024 நவம்பர் 30 ஆம் தேதி ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. வீடூர் அணை திறக்கப்பட்டுச் சங்கராபரணியில் வெள்ளம் பெருகியதையும் நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களில் நீரில் மூழ்கி நின்ற வண்டிகள் பல. கழுவித் துடைத்துச் சாயம் பூசினால் வெளித்தோற்றத்தில் வேற்றுமை தெரியாது. ஆயினும் முன்விளக்கின் கண்ணாடிக்குள்ளே மண்கோடு, இருக்கையைத் தூக்கினால் கம்பிகளின் முனையில் பச்சைக் களிம்பு, பிரேக் டிரம்மைத் திறந்தால் வண்டல் என்று எங்கேனும் ஓரிடத்தில் வெள்ளம் தன் அடையாளத்தை விட்டே சென்றிருக்கும். எஞ்சின் ஆயிலைச் சிறிது வடித்துப் பார்க்கையில் மோர் நிறமாக இருப்பின் நீர் கலந்துள்ளது என்று அறியலாம். இத்தகைய வண்டிக்கு மீட்டர் எண்ணைக் கருதி ஒரு காசுகூட அதிகம் கொடுத்தல் தகாது.

இனி, அந்த மீட்டர் எண் மெய்யா என்று ஆராயவேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்திலிருந்து வரும் ஒரு கேபிளே மீட்டரைச் சுழற்றுகிறது. அது அறுந்தாலோ கழற்றப்பட்டாலோ வண்டி ஓடும், எண் ஓடாது. ஐந்து இலக்கம் மட்டுமே உடைய மீட்டர் 99,999 ஐக் கடந்ததும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். மீட்டரையே மாற்றியிருப்பதும் உண்டு. இவற்றில் வஞ்சகம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அறுந்த கேபிளை மாற்றச் சோம்பியவர்கள் எத்தனையோ பேர். ஆதலால் விற்பவரைக் குற்றவாளி போல் வினவாமல், வண்டியையே வினவவேண்டும்.

கால் படும் இடங்களும் கை படும் இடங்களும் பொய் சொல்வதில்லை. பின்பிரேக் மிதியின் வரிகள், கியர் மிதியின் ரப்பர், கிக்கரின் ரப்பர், கைப்பிடி, சாவித் துளையின் விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். 12,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அவ்வரிகள் மழுங்காதிருக்கவேண்டும். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தால் அவ்வண்டி நெடுந்தூரம் சென்றது என்பது உறுதி. மிதிகளின் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாய், இருக்கை உறை நைந்து காணப்பட்டால் காரணம் கேட்பதில் தவறில்லை. இவற்றோடு சர்வீஸ் புத்தகமும் ரசீதுகளும் இருக்குமாயின், அவற்றிற் குறித்த கிலோமீட்டர் ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாக ஏறிவந்துள்ளதா என்று ஒப்பிடலாம். பழுப்பேறிய நான்கு ரசீதுகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் விற்பனையாளர் அவற்றிற்காகக் கூடுதல் விலை கேட்பது நியாயமே என்று நாம் கருதுகிறோம்.

இப்பொழுது விலைக்கு வருவோம். இன்சூரன்ஸ் துறையில் வண்டியின் மதிப்பை வயதிற்கேற்பக் குறைக்கும் அட்டவணை ஒன்று உண்டு. ஆறு மாதத்திற்குட்பட்ட வண்டிக்கு 5 சதவீதமும், ஓராண்டிற்குட்பட்டதற்கு 15 சதவீதமும் கழித்து, இவ்வாறே ஏறி, நான்கு முதல் ஐந்து ஆண்டு ஆனதற்கு 50 சதவீதம் கழிக்கின்றனர். ஐந்தாண்டிற்கு மேற்பட்டதற்கு அட்டவணை இல்லை. இரு தரப்பினரும் ஒத்துக்கொள்ளும் மதிப்பே மதிப்பு. 16 ஆண்டு வண்டிக்கு எந்தப் புத்தகத்திலும் விலை எழுதியிருக்கவில்லை என்பதே இதன் பொருள். ஊரில் நடக்கும் விற்பனையைக் கொண்டுதான் தொடங்கவேண்டும். அதே வகை, ஏறக்குறைய அதே வயது, நாள்தோறும் ஓடிக்கொண்டிருப்பது, பத்திரங்கள் உயிரோடிருப்பது - இத்தகைய வண்டி அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று மூன்று நான்கு இடங்களில் விசாரிக்கவேண்டும். கேட்ட விலையை அன்று, கொடுத்த விலையை விசாரிக்கவேண்டும். விசாரிக்கையில் காலத்தையும் கேட்டுக்கொள்ளுதல் நலம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கியே தீரும். அதற்கு முந்திய விற்பனையை அப்படியே அளவாகக் கொள்ளலாகாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் பார்ப்போம். தொகைகள் கணக்கிற்காக நாம் வைத்துக்கொண்டவை; அவரவர் ஊர் நிலவரத்தை அவரவர் இட்டுக்கொள்ளவேண்டும். 2009 ஆம் ஆண்டில் பதிவான 100 சி.சி. வண்டி, மீட்டரில் 11,400 கிலோமீட்டர், சில ஆண்டுகளாக நிற்கிறது. அதே வயதுடைய, ஓடும் வண்டியின் விலை ரூ. 24,000 என்று விசாரணையில் தெரியவந்தது எனக் கொள்வோம். நிற்கும் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர, டயரும் டியூபும் இரண்டு சக்கரத்திற்கும் ரூ. 3,600, பாட்டரி ரூ. 1,300, செயினும் பல்சக்கரங்களும் ரூ. 1,300, கார்புரேட்டர், டேங்க் சுத்தம் ரூ. 1,400; ஆயில் சீல்கள் ரூ. 900, பிரேக் ஷூவும் கேபிள்களும் ரூ. 900, ஆயில், பிளக், வடிகட்டி ரூ. 600. ஆக மொத்தம் ரூ. 10,000.

இந்தப் பத்தாயிரத்தை முழுவதும் கழிக்கவேண்டும் என்று வாங்குபவர் வாதிப்பார். அது நியாயமன்று. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஓடும் வண்டியின் டயரும் பாட்டரியும் பாதி தேய்ந்தவையே. இங்கே வாங்குபவருக்குப் புதியவை கிடைக்கின்றன. அவற்றின் பயனைப் பல ஆண்டு நுகரப்போகிறவரும் அவரே. ஆகவே மூன்றில் ஒரு பங்கை அவர் ஏற்று, மூன்றில் இரண்டு பங்கை, ஏறக்குறைய ரூ. 6,700 ஐ, விலையிற் கழிப்பது முறை. மறுபுறம், எஞ்சின் உண்மையாகவே அதிகம் தேயாதது என்று மேற்கூறிய அடையாளங்களால் விளங்கினால், விற்பவருக்கு அதன் பயன் சேரவேண்டும். பிஸ்டன் மாற்றிச் சிலிண்டருக்குப் போர் அடிக்கும் செலவு ரூ. 5,000 என்றால், அச்செலவு பல ஆண்டு தள்ளிப்போகிறது. அதில் பாதியான ரூ. 2,500 ஐக் கூட்டலாம். அடையாளங்கள் விளங்காவிட்டால் கூட்டவேண்டியதில்லை. குறைந்த கிலோமீட்டருக்கு உரிய மதிப்பு இவ்வளவே. விலையை இரட்டிப்பாக்கும் மந்திர எண் எதுவும் மீட்டரில் இல்லை.

பத்திரச் செலவு இன்னும் மீதமிருக்கிறது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டு வரை செல்லும். அதன் பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். மத்திய அரசு 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கும் கட்டணம் ரூ. 300 லிருந்து ரூ. 1,000 ஆக உயர்ந்தது. புதுப்பிக்கத் தவறிய ஒவ்வொரு மாதத்திற்கும் ரூ. 300 கூடுதல் என்றும் விதிக்கப்பட்டது. 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ. 2,000 ஆக்கப்பட்டது. நம் எடுத்துக்காட்டு வண்டியின் பதிவு முடிந்து 10 மாதம் ஆயிற்று என்றால் ரூ. 1,000 உம் ரூ. 3,000 உமாக ரூ. 4,000 ஆகிறது. 30 மாதம் ஆகியிருந்தால் தாமதக் கட்டணமே ரூ. 9,000! தாழ்வாரத்தில் வண்டி அசையாமல் நிற்கிறது. கடன் மட்டும் மாதந்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. விலை பேசுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் அந்த வண்டியின் எண்ணைச் சொல்லிச் செலுத்தவேண்டிய மொத்தத் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்வது இன்றியமையாதது. இத்தொகையை விற்பவரே ஏற்கவேண்டும். ஏனெனில் ஒப்பிட்ட வண்டியின் பத்திரங்கள் உயிரோடிருப்பவை.

ஆக, ரூ. 24,000 இல் ரூ. 6,700 உம் ரூ. 4,000 உம் கழித்து, ரூ. 2,500 கூட்டினால் ரூ. 15,800 வருகிறது. எஞ்சின் பற்றிய சான்று இல்லையெனில் ரூ. 13,300. இவ்விரண்டிற்கும் இடையே எங்கு முடிந்தாலும் இரு தரப்பினரும் நிம்மதியாக உறங்கலாம். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் ஆண்டுதோறும் செலுத்தவேண்டியதாகையால் அதனை வாங்குபவரே ஏற்பது வழக்கம். 2022 ஜூனில் வகுத்த விகிதப்படி 75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு அது வரி நீங்கலாக ரூ. 714.

'15 ஆண்டு ஆனால் வண்டி செல்லாது' என்று தரகர்கள் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தடை டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கென எழுந்தது. உச்ச நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டில் அதனை அப்பகுதிக்கு உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை எடுக்கலாகாது என இடைக்கால ஆணையும் பிறப்பித்தது. புதுச்சேரியிலுள்ள மோட்டார் சைக்கிளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தப் பேச்சை நம்பி, கணவரை இழந்த ஒரு பெண்மணி பதினையாயிரம் பெறும் வண்டியை ஐயாயிரத்திற்குக் கொடுத்துவிடுதல் கூடாதென்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

அத்தகையோர் அறியவேண்டியது இன்னொன்று. பதிவுப் புத்தகத்தில் பெயருடையவர் காலமானால், வாரிசுகள் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் 31 ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. அதிகம் ஓடாத பழைய வண்டிகளில் பல, இறந்தவர் பெயரிலேயே நிற்பவை. அவரால் கையெழுத்திட இயலாது. வாரிசுகள் வாயிலாக அன்றி அவ்வண்டி சட்டப்படி கைமாறாது. வாரிசுப் பெயருக்கு மாற்றாமல் பணம் வாங்குவதும் கொடுப்பதும் வீண் தொல்லை. 2021 முதல் பதிவுப் புத்தகத்திலேயே நியமனதாரர் பெயரைக் குறிக்க வசதி செய்யப்பட்டிருக்கிறது. தற்போது வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் அதனைச் செய்துவைத்தால் பின்னாளில் பிள்ளைகள் அலைய நேராது.

எல்லைப் பிரச்சினை நம் பகுதிக்கே உரியது. விழுப்புரம் சாலையில் செல்லும்போது கண்டமங்கலம் தமிழ்நாடு. திருவாண்டார்கோயிலும் திருபுவனையும் மதகடிப்பட்டும் புதுச்சேரி. வளவனூர் மீண்டும் தமிழ்நாடு. மாமன் வீடு அங்கே, மருமகன் வீடு இங்கே. டி.என். 32 எனத் தொடங்கும் விழுப்புரம் வண்டியை இங்குள்ளவர் வாங்குவது சாதாரணம். ஆனால் வேறு மாநில வண்டியை இங்கு 12 மாதத்திற்கு மேல் வைத்திருப்பதாயின், ஆட்சேபணை இன்மைச் சான்று பெற்று இங்கே புதிய எண் வாங்கவேண்டும்; இங்குள்ள வரியையும் கட்டவேண்டும். இச்செலவையும் அலைச்சலையும் கருதினால், மற்ற எல்லாம் ஒன்றாயிருக்கையில் இந்த ஊர் எண் கொண்ட வண்டிக்குச் சற்று அதிகம் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இக்கணக்கிற்கு அடங்காத சில வண்டிகளும் உண்டு. 1955 இல் சென்னைத் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், மைசூரில் 1961 முதல் உற்பத்தியாகி 1996 இல் ஆலை மூடப்பட்ட ஜாவாவும் எஸ்டியும், 1985 முதல் 1996 வரை வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவை அத்தகையன. இவற்றிற்கு வண்டியின் பயனைக் கருதி விலை கொடுப்பாரில்லை. நினைவைக் கருதிக் கொடுக்கிறார்கள். உண்மையான, அதிகம் ஓடாத, முதலில் பொருத்திய பாகங்களோடு கூடிய வண்டி கிடைத்தால், மீட்டர் எண் அங்கே பெருமதிப்புப் பெறுகிறது. விற்கும் அங்கத்தினர், உள்ளூர்த் தரகரோடு நில்லாமல், அவ்வகை வண்டிகளைச் சேகரிப்போரிடமும் விசாரித்த பின்னரே விலை சொல்லவேண்டும். கீரைக்கட்டு ஏற்றுவதற்கு வண்டி தேடும் அங்கத்தினரோ இவற்றின் அருகே செல்லாதிருப்பது நலம். உதிரி பாகம் தேடி அலைவது சேகரிப்பவருக்குப் பொழுதுபோக்கு. நமக்கோ அன்றைய சந்தை போய்விடும்.

விலை முடிந்த பின் செய்யவேண்டியவை சில. எஞ்சினிலும் சேசிஸிலும் பொறித்த எண்களின் மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அவ்வெண்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். அரசின் பரிவாகன் இணையத்தில் வண்டி எண்ணை இட்டால் பதிவு முடியும் நாள், இன்சூரன்ஸ், அடமானம் ஆகிய விவரங்கள் தெரியும். அடமானம் என்றிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் கையெழுத்துடன் கூடிய 35 ஆம் எண் படிவம் இன்றி மேலே செல்லலாகாது. 29, 30 ஆம் எண் படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு, ஒரே மாநிலத்திற்குள் என்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் அலுவலகத்திற்குத் தெரிவிக்கவேண்டும்.

'தெரிந்தவர்தானே, பிறகு மாற்றிக்கொள்வார்' என்று விற்பவர் இருந்துவிடக்கூடாது. பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாளர் என்று 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் வண்டி ஒருவர் பின் ஒருவராகப் பலரிடம் கைமாறியிருந்தது; பதிவில் மட்டும் முதல்வர் பெயரே நின்றது. பொறுப்பும் அவர்மீதே நின்றது. ஆகவே பேசிய விலையில் ரூ. 2,000 அளவு தொகையை நம்பிக்கைக்குரிய மூன்றாமவரிடம் நிறுத்திவைத்து, பெயர் மாறிய புத்தகத்தைக் காட்டிய அன்று வாங்கியவருக்கே அதனைத் திருப்பித் தருவது என்று இரு தரப்பினரும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். அவ்வாறு எழுதும் சீட்டில் மீட்டரின் எண்ணையும், ஒப்படைத்த நாளையும் மணியையும் குறிக்க மறத்தலாகாது.